ஆயிரத்து இருபத்து நாலு பேருக்கு மேல்

மகாராணியின் சமூகத்துக்கு, உன் வீட்டுக்காரன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் மலைபோல் இருக்கிறேன், தொப்பையும் அப்படியே.

நேற்றுக் காலை நீயும் இங்கே வந்து என்னோடு இருக்கக் கம்பெனியின் குடும்பக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்க நீ போனைத் தட்டித் தட்டிப் பார்த்தும் பக்கம் திறக்கவில்லையே, அந்தப் பக்கம் ஓடுவது நான் மேய்க்கும் சர்வரில்தான். யானைப் பலம் அதற்கு. உலகமே ஏறி உட்கார்ந்தாலும் கொட்டாவி விடும். ஆனால் ஒரே நேரத்தில் ஆயிரத்து இருபத்து நாலு இணைப்புக்கு மேல் கூடாதென்று வரும்போதே அதில் ஒரு வரம்பு இருந்தது, யாரும் மாற்றவில்லை. மாற்ற ஒரு வரி தட்டினால் போதும். அனுமதி உள்ள மேனேஜரோ விமானத்தில். இருந்த நாற்பது வீடும் முந்திக்கொண்டவர்களுக்குப் போய்த் தீரும்வரை கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

“உங்க மெஷின்தானே? வாசல்ல நிக்கிறது எம்பொண்டாட்டின்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று கேட்டாய். சொன்னேன் தாயே, அது கேட்கவில்லை.

மேனேஜர் இறங்கியதும் வரம்பை லட்சமாக்கிவிட்டார். இப்போது ஊரே வரலாம், ஒருத்தரும் வரவில்லை. வீடு இனி அடுத்த வருஷம்தான்.

உன் தலையணை உறை ஒன்று அனுப்பு. இங்குள்ளது குத்துகிறது. துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்பு. கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.