நடுவில் உள்ள சிவப்பு

ராஜவேலு,

பானையில் கூழ் இருக்கிறது. நேற்று நான் எறிந்த மரச்சுத்தி, அந்தக் கொட்டாப்புளி கிழித்த நெற்றியில் மஞ்சள் வை. மாமாவின் ரத்தம் ஊறிய கித்தாரை நீ சுரண்டப் போனதும் எனக்குக் கண் மண் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் செதுக்கிய கித்தார். முடிக்கத் தாமதம் என்று அதன் மேலேயே அவர் தலையை மோதிக் கொன்ற உலாந்தாக்கார டச்சுச் சிப்பாய், நாளை அதை எடுத்துப்போக வருகிறான். “வரட்டும்க்கா, வெட்டிப் போட்டுர்றேன்” என்று குதிக்காதே. குப்பத்தையே கொளுத்திவிடுவார்கள்.

கடுக்காய் நீரின் மேல் இரும்புக் காடி பூசி ஓரத்தைக் கறுப்பாக்கிவிட்டேன். சாயவேர் வாங்கப் பொன்னேரி போகிறேன். அந்தக் கறுப்புக்கு உட்புறமாகச் சிவப்பு ஏற்றினால், நடுவில் உள்ள கறையையும் சாயம் என்றே நினைப்பான்.

தேவகி

அரிவாளைக் கூரையில் செருகிவிடு. உன் மாமாவைத் தினமும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் அவன் வாசிக்க வேண்டும்.