பின்சக்கரம் பற்றி வந்த கடிதம்

டெக்சஸ், டிசம்பர் 9

அன்புள்ள எல்விரா,

நீயும் ஆடுகளும் நலம்தானே? இது என் கையெழுத்து; இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். எழுத இரண்டு ஞாயிறு ஆனது.

நான் தனியாகப் படித்த முதல் கடிதம் வண்டிக் கம்பெனி அனுப்பியது. நம் பிக்கப் வண்டியின் பின் அச்சில் பழுதாம். இலவசமாக மாற்றித் தருவார்களாம். முன்பு வந்த மூன்று கடிதங்களையும் விளம்பரம் என்று நினைத்து, வண்டிக் கண்ணாடி ஆடாமலிருக்க இடுக்கில் செருகியிருந்தேன். மெக்கானிக் ரமீரோ சிரித்தான்.

"தாத்தா, இதுலயா கிறிஸ்துமஸுக்கு மெக்சிகோ கிளம்பினீங்க? சக்கரம் உங்களுக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிருக்கும்."

பயப்படாதே. புது அச்சு வர ஜனவரி ஆகும். அதுவரை நானும் வர முடியாது. எனக்காகக் கிறிஸ்துமஸ் தமாலேக் கொழுக்கட்டை எடுத்து வைக்காதே.

இதுவரை உன் கடிதங்களை உடன் தங்கும் நாச்சோதான் சத்தமாகப் படித்துக்காட்டினான். அதனால்தானே மழையையும் கோழியையும் மட்டும் எழுதினாய்? இனி நானே படிப்பேன். மற்றதையும் எழுது.

தபால் வண்டி வந்துவிட்டது.

உன் கணவன்
அகுஸ்தீன்