மூக்கால் போன முட்டைப்பால்

குஞ்சு,

நயினாதீவுக் கொடியேற்றத்துக்குச் சேலை எடுப்பம் என்று அலுமாரியைத் திறந்தேன். மடிப்புக்குள்ளிருந்து உன் அச்சரக்கூடு, அந்தத் தாயத்து, விழுந்தது. கறுப்பு நூல் இன்னும் அப்படியே, முடிச்சு முடிச்சாக. சேலையை விட்டுவிட்டுக் கட்டிலில் இருந்துவிட்டேன்.

அம்மா அதை உன் மேற்கையில் கட்டியபோது நூல் சதைக்குள் புதைந்து காணாமல் போனது. அப்படி ஒரு கை உனக்கு. கால் அதிலும் மேல். புளியங்கூடலில் புகையிலைக்கு இறைப்பென்றால் துலா மிதிக்க உன்னைத்தான் தேடி வருவார்கள். கிணற்றுக்கு மேலே அந்த நீண்ட மரத்தில் நீ முன்னும் பின்னும் நடக்க, வாளி இறங்கி ஏறும். கெண்டைக்கால் கல்லுப்போலத் திரண்டிருக்கும். "கண்ணூறு போடாதை அக்கா" என்று மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிடுவாய்.

அந்தக் காலில்தான் கறள் பிடித்த தகரம் வெட்டியது. நீ மண்ணைத் தட்டிவிட்டு இறைக்கப் போய்விட்டாய். பிறகு தாடை இறுகியது. பெரியாஸ்பத்திரியில் காயத்தால் வந்த ஏற்பு, டெட்டனஸ் என்றார்கள். கதவு அடித்துச் சாத்தினாலே உன் உடம்பு வில்லாக வளைந்தது. பல்லுக்குள் கரண்டி போகவில்லை. மூக்கால் ஒரு குழாய் விட்டு வயிற்றுக்குப் பால் ஊற்றினார்கள்.

நயினாதீவில் கொடி இறங்கும்வரை நீ விரதம். நர்ஸ் மிஸி அந்தப் பாலில் முட்டை அடித்துக் கலக்கக் கண்டு நான் அவரின் கையைப் பிடித்துவிட்டேன்.

"மிஸி, தம்பி விரதம். முட்டை, இறைச்சி, ஒரு மச்சமும் படக்கூடாது."

"அக்கா, சாப்பாடு காணாட்டி உடம்பு சும்மா கிடக்காது. தன்ரை சதையையே எடுத்துத் தின்னும். உங்கடை தம்பி இப்பவும் மச்சந்தான் தின்னுறார். தன்ரை மச்சம்."

போர்வையை விலக்கி உன் காலைப் பார்த்தேன். கெண்டைச்சதை துணிபோலத் தொங்கியது. நான் கையை எடுத்தேன்.

அன்றிலிருந்து வீட்டுக் கோழி இட்டதைத் தவிட்டுக்குள் புதைத்து, பனையோலைப் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே கொண்டுவந்தேன். கொண்டக்டர் பகிடி விட்டான்.

"என்னக்கா, பிள்ளையோ மடியிலை?"

"ஓம். இடிச்சு விழுத்திப்போடாதை."

ஆனாலும் சதை நிற்கவில்லை. அச்சரக்கூடு முழங்கைக்கு இறங்கும். நான் மேலே ஏற்றி நூலை இறுக்கி முடிச்சுப் போடுவேன். மறுபடி இறங்கும். மிஞ்சிய நூலை வெட்ட மனம் வரவில்லை. டொக்டரைக் கேட்டேன். "நாங்கள் ஊத்திறதிலும் பார்க்க இழுப்பும் காய்ச்சலும் கூடத் தின்னுது, அம்மா" என்றார்.

ஒருநாள் உன் தாடை கொஞ்சம் விட்டது. நீ கேட்ட முதல் கேள்வி, "விரதம் முறிஞ்சுதோ?"

"முட்டை குடுத்தனாங்கள் ராசா."

"மூக்காலை போனது வாய்க்குக் கணக்கில்லை" என்று பல்லுக்குள்ளால் சிரித்தாய். பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். வென்றுவிட்டாய் என்றுதான் நினைத்தேன். சோறு எப்போது கொடுக்கலாம் என்று மிஸியை நச்சரித்தேன்.

இருமுவதற்கும் சதை வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நெஞ்சில் சளி கட்டியது. நீ எக்கி எக்கிப் பார்ப்பாய், சத்தம் வராது. ஏற்பு விட்டுப் போயிற்று. துலா மிதித்த பிள்ளை ஒரு இருமலுக்கு ஏலாமல் எங்களை விட்டுப் போனாய்.

இப்போது ஊரில் யாரும் காய்ச்சலாகக் கிடந்தால் நான் முட்டையோடு போய் நிற்கிறேன். "வருத்தக்காரனுக்கு மச்சமோ? உனக்கென்ன விசரோ?" என்பார்கள். "குடுக்காட்டி அவன் தன்ரையைத் தின்னுவான்" என்பேன். சிலர் வாங்குவார்கள். சிலர் படலையைச் சாத்துவார்கள். நான் அடுத்த நாளும் போவேன்.

உன் நூலை நான் அவிழ்க்கவில்லை, அப்படியே கையால் உருவி எடுத்தேன். கடைசி முடிச்சு போட்ட வளையத்துக்குள் என் நாலு விரல்தான் போகிறது.

வாய் பூட்டிக் கிடந்த நாளெல்லாம் நீ என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாய். வலியாக்கும் என்று நான் காலைத் தடவிக்கொண்டிருந்தேன். குஞ்சு, உனக்குப் பசித்ததா?