முந்திக்கொண்டு வாங்கிய வண்டி

டிமாரு,
அக்டோபர் 12, ஞாயிறு.

அன்பு மகள் பிரையனிக்கு,

இங்கே நானும் பூனையும் சுகம், பூனை என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சுகம். நீயும் அங்கே காய்ச்சல் சளி ஒன்றும் அண்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் தொண்டை கட்டாமல் பாடம் நடத்திக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். ஜப்பானில் குளிர் தொடங்கப்போகிறது என்று செய்தியில் பார்த்தேன், அந்த மண்ணெண்ணெய் ஹீட்டரை எரியவிட்டுத் தூங்காதே, போர்வை பத்தவில்லை என்றால் எழுது, அனுப்புகிறேன். இங்கே உலகத்தின் தென்கோடியில் வசந்தம் வந்துவிட்டது என்று பெயர்தான், தொழிற்சாலைக்குப் பால் லாரிகள் வரிசையாக வர ஆரம்பித்துவிட்டன, எங்கள் ஆய்வகத்தில் மாதிரிப் புட்டிகளுக்கு நடுவே என் டீக்கோப்பையைக் கண்டுபிடிப்பதே பெரிய பாடு.

வாரா வாரம் போனில் பேசுகிறோமே, அம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் திரையில் நீ என் முகத்தைப் பார்த்துவிடுவாய், அதனால்தான். நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். ஒரு மோட்டார்ஹோம், படுக்கையும் அடுப்பும் வைத்த வீட்டு வண்டி, வாங்கியிருக்கிறேன். உன் அப்பாவும் அவர் இப்போது கட்டிக்கொண்டிருக்கும் கெரினும் பார்த்து வைத்திருந்ததாக நீ படம் அனுப்பினாயே, வெளிர்பச்சைத் திரை போட்ட ஜப்பான் வண்டி, அதையேதான். தெரியாமல் வாங்கவில்லை, தெரிந்தேதான் வாங்கினேன். இதை முதலிலேயே எழுதிவிட்டால் மீதியை எழுதுவது சுலபம் என்று நினைத்தேன், அப்படி ஒன்றும் சுலபமாக இல்லை.

நீ அன்றைக்குச் சொன்னது நினைவிருக்கிறதா, "அம்மா, டிசம்பர்ல பதினாறு நாள் லீவு, அப்பாவும் கெரினும் ஒரு வண்டி பாத்திருக்காங்க, மூணு பேருமா மேற்குக் கரை முழுக்கச் சுத்தப் போறோம், கிறிஸ்துமஸ் மத்தியானமும் கடைசி ரெண்டு நாளும் உங்கூடத்தான்" என்று. நான் சிரித்துக்கொண்டு, ரொம்ப நல்லது கண்ணு என்றேன். போனை வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினேன். பதினாறில் எனக்கு இரண்டரை. பதினான்கு மாதமாக உன்னைத் தொட்டுப் பார்க்காதவளுக்கு இரண்டரை நாள். அதைவிட அந்த "மூணு பேருமா" என்பதுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நாமும் ஒரு காலத்தில் மூன்று பேராக இருந்தோம். அப்போது அந்த மூன்றில் ஒன்று நான்.

உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது, கெரினைப் பார்த்து எனக்கு வயிறு எரிவது இன்று நேற்று இல்லை. உன் அப்பாவைக் கட்டிக்கொண்டதற்காக இல்லை, அவர் போனது போனதுதான், அந்தக் குறட்டையை அவள் கேட்கட்டும். போன வருடம் நீ "கெரின் செய்ற பாவ்லோவா கேக் நடுவுல மெத்து மெத்துன்னு இருக்கும்மா" என்று சொன்னாய், என்னுடையது காய்ந்துபோகும் என்று நீ சொல்லவில்லை, ஆனாலும் எனக்குக் கேட்டது. ஜனவரியில் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு ஒரு படம் அனுப்பினாய். நானும் அனுப்பியிருந்தேன், அவளும் அனுப்பியிருந்தாள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, காலில் இருப்பது யாருடையது என்று பார்த்தேன். அவளுடையது. நாற்பத்தேழு வயது, பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவள், கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு மகளின் பாதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன். என்னைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கம் வந்ததால் எரிச்சல் போய்விடவில்லை.

அந்த வார இறுதியில் விளம்பரத்தைத் தேடிப் பிடித்தேன். ஜெரால்டின் ஊருக்கு வெளியே, கம்பெனி இல்லை, தனி ஆள் விற்பது. ஐவன் என்று ஒரு கிழவர், அவர் மனைவி நொயலீன். அந்த அம்மாவுக்கு இடுப்பு எலும்பு மாற்றி வைத்திருக்கிறார்கள், இனி வண்டிப் படி ஏற முடியாது, அதனால் விற்கிறார்கள். அவர் ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினார், இரண்டு அடுப்பு, கைக்குட்டை அளவுக்கு ஒரு தொட்டி, அலமாரி மாதிரி ஒரு கழிப்பறை, கண்ணாடியில் பச்சை ஸ்டிக்கர். "பச்ச ஸ்டிக்கர் புதுசு தாயி, எங்க வேணா நிறுத்திப் படுக்கலாம், ஒரு பய கேக்க முடியாது. நாலு பேரு தாராளமாப் படுக்கலாம்" என்றார். நானும் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டேன், எத்தனை படுக்கை, கழிப்பறைச் சான்றிதழ் அந்த ஸ்டிக்கர்தானா, கூரை ஒழுகுமா. சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டிலிருந்து ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் மிகவும் மரியாதையாக என்னவோ சொன்னது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நொயலீன், "பதினோரு வருசமா தெனம் காலையில எம் புருசங்கிட்டப் பேசுறா, என்ன பேசுறான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவளையும் சேத்து ஓட்டிட்டுப் போயிரு, நான் நிம்மதியா இருப்பேன்" என்று கத்தினார். எனக்கு அந்த அம்மாவை உடனே பிடித்துப்போயிற்று.

வேறு யாராவது பார்த்தார்களா என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். ஐவன், "வியாழக்கெழம ஒரு ஜோடி வந்துச்சு. அந்தப் பொண்ணு டேப்பு வச்சு மேல் படுக்கைய அளந்துச்சு. மகளுக்கு அஞ்சடி ஒம்போது அங்குலமாம், காலு நீட்டிப் படுக்கணுமாம். அப்புறம் அவங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மகளுக்காம். அந்தக் காலின் நீளம் உனக்கு என் வழியில் வந்தது, என் அப்பாவின் கால்கள் அவை, அதை இன்னொருத்தி டேப் போட்டு அளந்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் திகைத்துப்போய், "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்க வேணாமா தாயி, மெக்கானிக்கு யாரையாச்சும் கூட்டிட்டு வா" என்றார். நொயலீன், "ஏ மனுசா, வாங்குறேங்குறவங்களப் புடிச்சு வெளிய தள்ளுறியே, நீயெல்லாம் என்னத்த வித்த" என்றார். அங்கேயே நின்று போனில் முன்பணம் அனுப்பினேன். சமையலறையை மாற்றிக் கட்ட வைத்திருந்த பணம்தான். ஒரு ஜாடியைக்கூட மூடி திறந்து முகர்ந்து பார்க்காமல் வாங்கமாட்டேன், வீடு மாதிரி ஒரு வண்டியை இருபது நிமிடத்தில் வாங்கினேன்.

அந்த வாரம் முழுவதும் எனக்குக் காலில் சக்கரம் கட்டியது போல இருந்தது. ஆய்வகத்தில் பாட்டுப் பாடினேன் என்று சொன்னார்கள். இனி அவர்கள் எதில் கூட்டிப்போகிறார்கள் பார்க்கலாம் என்ற நினைப்பு. போன சனிக்கிழமை வண்டியை எடுக்கப் போனேன். ஐவன் சாவியைக் கையில் கொடுக்கும்போது நொயலீன் வாசலிலிருந்து, "ரெண்டு பேருக்கு மேல ஏத்திராத, பின்னாடி பெல்ட்டு கெடையாது, போலீஸ்காரன் புடிச்சான்னா அபராதம்" என்றார். எனக்குப் புரியவில்லை. நாலு பேர் என்று சொன்னீர்களே என்றேன். ஐவன், "நாலு பேரு படுக்கலாம்னுதான தாயி சொன்னேன். நிறுத்தி வச்சுப் படுக்கலாம். ஓடும்போது முன்னாடி ரெண்டு சீட்டுதான். பின்னாடி சீட்டு பக்கவாட்டுல திரும்பியிருக்கு, கப்பல்ல வந்து எறங்கினப்பவே அந்த பெல்ட்டு இங்க செல்லாதுன்னு கழட்டிப்புட்டாங்க. புதுசாப் போடலாம்னு பாத்தா அடியில வெறும் பலகை, போல்ட்டு நிக்காதுங்குறான்" என்றார். நம் ஊரில் யாரும் பெல்ட்டை எண்ணமாட்டோம், படுக்கையைத்தான் எண்ணுவோம். விளம்பரத்திலும் அப்படித்தான் போட்டிருந்தது.

அப்புறம்தான் நொயலீன் சொன்னார், "அதனாலதான அந்த ஜோடி வேணாம்னுட்டுப் போச்சு. இவரு அன்னிக்கே ஒங்கிட்டச் சொல்ல வந்தாரு, நீ எங்க வாயத் தொறக்க விட்ட." ஐவனுக்கு முகம் சிவந்துவிட்டது, "வேணாம்னா பணத்தத் திருப்பிக் குடுத்துர்றேன் தாயி, மனசுல வச்சுக்காத" என்றார். அவர்கள் வேண்டாம் என்று விட்டுப்போனதைத்தான் நான் முந்திக்கொண்டு வாங்கியிருக்கிறேன். இது எனக்கு உறைக்கும் முன்னாலேயே நொயலீன் இன்னொன்றும் சொன்னார். "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. பெல்ட்டு ரெண்டுதான்னு தெரிஞ்சதும் புருசங்கிட்ட, நீயும் மகளும் போயிட்டு வாங்க, நான் வீட்டுல இருக்கேன், அவ உன்னப் பாக்கத்தான வர்றான்னுச்சு. அந்தாளுதான் கேக்கல, மூணு பேருமாப் போகலைன்னா வேணாம்னு முகத்தத் தூக்கி வச்சுக்கிட்டான்."

நான் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின்னால் ஒன்பது கார்கள் வரிசை கட்டி வர, நூறில் போகும் சாலையில் எண்பதில் ஓட்டிக்கொண்டு வந்தேன். இரண்டே பெல்ட், ஒன்று எனக்கு, ஒன்று என் மகளுக்கு, இதைவிட என்ன வேண்டும் என்று முதலில் வாய்விட்டுச் சிரித்தேன், நிஜமாகவே சிரித்தேன். பாதி வழியில் டெமுகா வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. நான் வீட்டில் இருக்கிறேன், நீங்கள் இருவரும் போய்விட்டு வாருங்கள். பதினெட்டு வருடம் உன் அப்பாவோடு இருந்தேன், ஒருநாளாவது இந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். மீன் பிடிக்க உன்னை அவர் கூட்டிப்போனால்கூட நானும் பின்னாலேயே சாண்ட்விச் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன், உனக்கு நினைவிருக்கும். பாவ்லோவாவுக்கு வயிறு எரிந்தது, காலுறைக்கு எரிந்தது, ஆனால் இதுபோல எதற்கும் எரிந்ததில்லை பிரையனி. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை அவளே வந்துவிட்டாள். வண்டி நம் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டுக் காரை நிறுத்தி இறங்கினாள். நான் ரோஜாச் செடிக்குப் பின்னால் குனிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன், அதற்குள் "அட, நீங்கதானா அது" என்று சிரித்தாள். கிண்டல் இல்லாத சிரிப்பு, அதுதான் தாங்கவில்லை. "நல்லதாப் போச்சு ரோஷெல், மேல் படுக்கை அவளுக்குச் சரியாப் பத்தும், நான் அளந்துட்டேன். அந்தப் பச்சத் திரைய மட்டும் மாத்திராதீங்க, எனக்கு அது அவ்வளவு பிடிச்சிருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கார் திருப்பத்தைத் தாண்டியதும் திரைகள் அத்தனையையும் கழற்றினேன். துவைக்கத்தான் கழற்றினேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். நான்கு நாள் கொடியில் தொங்கின, மழையிலும் நனைந்தன. நேற்றுதான் இஸ்திரி போட்டுத் திரும்ப மாட்டினேன். நல்ல திரைதான், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மாட்டி முடித்த கையோடு கெரினுக்குப் போன் செய்தேன், உன் அப்பாவுக்கு இல்லை, அவளுக்கு. முதல் ஒன்பது நாள் நானும் நீயும் வண்டியில் ஹாஸ்ட் கணவாய் வழியாக மேற்குக் கரை போகிறோம், கிறிஸ்துமஸும் அதற்குள் அடங்கும் என்றேன். பத்தாம் நாள் சாவியை உன் அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன், ஐந்து நாள் அவரும் மகளும் போகட்டும், கெரின், நீ சொன்னாயாமே வீட்டில் இருக்கிறேன் என்று, அதையே அவரிடம் இன்னொரு தடவை சொல் என்றேன். கடைசி வார்த்தை கொஞ்சம் குத்தலாகத்தான் வந்தது. அவள், "சொல்றேன். ஆனா அன்னிக்கு அதச் சொல்லிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன், அது யாருக்கும் தெரியாது. அந்த அஞ்சு நாளும் எனக்கு ஓடவே ஓடாது, நீங்க ஒரு நாள் டீ குடிக்க வர்றீங்களா" என்றாள். இதுவரை அவள் சொன்னதிலேயே எனக்குப் பிடித்தது அவள் அழுத செய்திதான், என்னை என்ன சொல்வாயோ. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கடையில் பிஸ்கட் வாங்கிக்கொண்டு போவேன், என் கையால் பாவ்லோவா செய்துகொண்டு போகமாட்டேன், அவ்வளவு தூரத்துக்கு நான் இன்னும் வரவில்லை.

இதெல்லாம் உன்னைக் கேட்காமலே நாங்கள் உன் நாட்களைப் பங்கு போட்டது. பதினாறும் உன்னுடையவை. மீதி இரண்டு நாளையாவது உன் சிநேகிதிகளுக்கோ தூங்குவதற்கோ வைத்துக்கொள். ஒன்பது அதிகம் என்று உனக்குப் பட்டால் சொல், ஏழாக்கிக்கொள்ளலாம், ஆறுக்குக் கீழே மட்டும் பேரம் பேசாதே. அப்பாவிடம் பேசும்போது இந்தக் கடிதத்தில் இருப்பது எதையும் சொல்லாதே, வண்டி வாங்கியது மட்டும் அவருக்குத் தெரியும், அவர் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை, அதுவே அவருக்குக் கோபம் என்று அர்த்தம்.

உடம்பைப் பார்த்துக்கொள் கண்ணு. மழை பெய்தால் சைக்கிளை விட்டுவிட்டு ரயிலில் போ, கடையில் விற்கும் சோற்று உருண்டையையே மூன்று வேளையும் தின்னாதே. எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராது, நிறைவாக இரு. ஒரு வேலை மறக்காமல் செய்: சுவரை ஒட்டி வெறுங்காலோடு நின்று யாரையாவது விட்டு உன் உயரத்தை அளக்கச் சொல்லி உடனே எழுது. அந்த மேல் படுக்கையில் நானே ஏறிப் படுத்துப் பார்த்துவிட்டேன், எனக்குப் பத்துகிறது. உனக்குப் பத்தும் என்று அவள் டேப் சொல்வதை நான் நம்பத் தயாராக இல்லை.

உன் பெயரில் ஒரு சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருக்கும்,
உன் அம்மா
ரோஷெல்