சாடியைச் சுமந்து நீ நடந்த தெரு

என் ஆசை அண்ணனுக்கு,

மலையில் பேரிக்காய் பழுத்துவிட்டது. ஏலக்காயும் முதல் எடுப்புக்குத் தயாராகிவிட்டது. இரண்டும் சேர்ந்து வரும் ஆவணியில் உனக்குத் தலைகால் புரியாதே, இந்த வருசம் நீ பார்த்திருக்க வேண்டும். கிளைகள் தரையைத் தொடுகின்றன.

இதோடு நிறுத்திக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் நேற்று போடி கடைத்தெருவில் மேடை போட்டு எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அதே தெருவில், அண்ணே. உன்னிடம் சொல்லவே கூசுகிறது.

உன்னைத் தெரியாதவர்கள் காதிலும் இது விழப்போகிறது. அதனால் உனக்குத் தெரிந்ததையே மறுபடி உனக்குச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

புருசனைப் பறிகொடுத்துவிட்டு சிலமலைக்குத் திரும்பி வந்த என்னை, ஒரு வார்த்தை கேட்காமல் மேலே தோட்டத்துக்குக் கூட்டிப்போனவன் நீ. போடிமெட்டுக்குக் கீழே, ஏலக்காட்டின் ஓரச் சரிவில் நீ வைத்த பேரி மரங்கள் அப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருந்தன. அடிபட்ட பழம் சந்தையில் விலைபோகாது. அதை உரலில் இடித்துப் பிழிந்து, பச்சை ஏலக்காயைத் தட்டிப்போட்டு, சாடியில் ஊற்றி வாயைத் துணியால் கட்டிவைப்பாய். சில நாளில் புளிப்பேறி, நாக்கில் சுள்ளென்று நுரைக்கும்.

எடுப்பு தொடங்கும் நாளில் மரத்தடியில் பொங்கல் வைத்து, மலைச்சாமிக்கு முதல் கூடைப் பழத்தையும் ஒரு கை ஏலக்காயையும் படைப்போம். பிறகு ஆளுக்கொரு சிரட்டை சாறு. எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் மலையாளத்துச் சேட்டன் மீசையைத் துடைத்துக்கொண்டு, "கொள்ளாம், தங்கராசு, கொள்ளாம்!" என்று மெச்சுவார். நீ சின்னப்பிள்ளை மாதிரி வெட்கப்படுவாய்.

மதுவிலக்கு கெடுபிடியாக இருந்த அந்த வருசம், பொங்கல் பொங்குகிற நேரத்தில் ஜீப்பு ஒன்று ஏறி வந்தது. மீதி ஆட்கள் வருகிறார்கள் என்று நினைத்து நீயே எதிரே போனாய். இறங்கிய போலீஸ்காரர்கள் நேராகச் சாடியிடம் வந்தார்கள்.

"என்னடா இது?"

"பழச்சாறுங்கய்யா. சாமிக்கு வச்சது."

துணியை அவிழ்த்து முகர்ந்தவர் சிரித்தார். "ஒங்க சாமி நல்லாக் குடிக்கும் போல."

யார் போய்ச் சொன்னது? இன்றுவரை எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?

போடிக்குள் நுழைந்ததும் உன்னை இறக்கி, சாடியைத் தலையில் வைத்து நடக்கவிட்டார்கள். நான் பின்னாலேயே வந்தேன். சாறு தளும்பி உன் கழுத்தில் வழிந்தது. வருசாவருசம் நம் பழத்தை வாங்கி விற்ற பழக்கடைக்காரர் வாசலுக்கு வந்து, தெருவே கேட்கும்படி சொன்னார்: "சாராயங் காச்சுறவன் பழமா இத்தன நாளா என் கடையில கெடந்துச்சு?" அன்றைக்கு நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தேன். மூடிக்கொள்ள உனக்குக் கையும் இல்லை. இரண்டு கையும் சாடியைப் பிடித்திருந்தன.

ஸ்டேசனில் எச்சரித்து விட்டுவிட்டார்கள், நீயும் தோட்டத்துக்கு வந்துவிட்டாய். ஆனால் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் போய் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. பழம் மரத்திலேயே கனிந்து உதிர்ந்தது. "ஆளுக்குச் சொல்லி விடட்டா, அண்ணே?" என்று கேட்டால், "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்புடச் சொல்ற?" என்பாய்.

நீ கூப்பிடவில்லை. வீராயி தானாகவே வந்தாள். எடுப்பு ஆட்களுக்குத் தலைவி அவள். சிலமலைப் பெண்களை ஜீப்பு நிறைய ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். ஸ்டோர்க் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே இருக்கும் உனக்குக் கேட்கும்படி என்னிடம் பேசினாள்.

"சாறக் குடிச்சது நாங்களுந்தான ஆத்தா? அவர மட்டும் நடக்கவிட்டுட்டு நாங்க வீட்டுல போய்ப் படுத்துட்டம். அந்த அவமானம் எங்களுக்கு இல்லையா? கூடையக் கொண்டா. சோலியப் பாப்போம், வெரசா."

நீ வெளியே வந்தாய். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு கூடையை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனாய்.

மறுநாள் லோடு ஏற்றிக்கொண்டு எல்லோருமாகக் கீழே இறங்கினோம். நம் பழத்தை எடுக்க எந்தக் கடையும் தயாராக இல்லை. அந்தப் பழக்கடைக்கு எதிரிலேயே சாக்கை விரித்து நீ உட்கார்ந்தாய். வீராயியும் பெண்களும் உன்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நீ பழத்தைக் கீறு போட்டுப் போகிறவர் வருகிறவரிடம் நீட்டினாய். வெகுநேரம் யாரும் வாங்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பூ விற்கிற ஒரு ஆத்தாதான் முதலில் வாங்கித் தின்றாள். "தித்திப்பாத்தானய்யா இருக்கு" என்றாள். பொழுது சாய்வதற்குள் கூடைகள் காலி. ஆனால் நீ தலை நிமிரவே இல்லை. சாறும் அதற்குப் பிறகு போடவில்லை. பிறகு நீ வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேனா, அண்ணே? எவ்வளவு யோசித்தாலும் நினைவில் வரவில்லை.

கொஞ்ச வருசத்தில் மஞ்சக்காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று. "குடிச்சே செத்தான்" என்று எழவு வீட்டிலேயே பேசினார்கள். ஆவணியில் ஒரு சிரட்டை, அதற்கு மேல் நீ தொட்டதில்லை. எத்தனை பேரிடம் போய் நான் அதைச் சொல்ல முடியும்?

இப்போது கேள். மதுவிலக்கை எடுத்துவிட்டார்கள். நீ சாடி சுமந்த தெருவிலேயே சாராயக்கடை இருக்கிறது. பட்டப்பகலில் கூட்டம் முண்டியடிக்கிறது. யாரையும் யாரும் நடக்கவிடவில்லை.

நேற்று பழ வியாபாரிகள் விழா எடுத்தார்கள். நீ போன பிறகு தோட்டத்தைப் பார்த்து, மலைப் பழத்தை மதுரை வரைக்கும் கொண்டுபோனவள் என்று என்னை மேடையில் ஏற்றினார்கள். சால்வை போர்த்தியவர் யார் தெரியுமா? அதே பழக்கடைக்காரர்தான். தலை நரைத்துவிட்டது. என் காதருகே குனிந்து, "ஏம்மா, அந்தச் சாறு இப்பவும் போடுறீகளா? ஒரு பாட்டிலு கெடைக்குமா?" என்றார்.

"மொதல்ல எங்கண்ணன் பேர இந்த மைக்குல சொல்லுங்க" என்றேன்.

மைக்கைக் கையில் வாங்கினார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பி, "பேரு மறந்துபோச்சும்மா" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது. நான் மைக்கை வாங்கி "தங்கராசு" என்றேன். தெருக்கோடி வரை கேட்டது. சொல்ல எவ்வளவோ இருந்தது, அண்ணே. குரல் அடைத்துக்கொண்டது. பேரை மட்டும் சொல்லிவிட்டு, சால்வையோடு இறங்கி வந்துவிட்டேன். இரவெல்லாம் அந்த வெட்கம்தான். ஊரே வாயை மூடிக் காத்திருந்த அந்த ஒரு நேரத்தில் இவ்வளவுதானா பேசினேன்?

அதனால்தான் இதை எழுதினேன். நாளைக்கு எடுப்பைத் தொடங்க வீராயி ஆட்களோடு வருகிறாள். பழக்கடைக்காரரையும் வரச் சொல்லி ஜீப்புக்காரரிடம் சொல்லி விட்டிருக்கிறேன். வருவாரோ, மாட்டாரோ. வந்தால் எல்லோரோடும் பந்தியில் உட்காரவைப்பேன். சாமி கும்பிட்டுவிட்டு, பேரி மரத்தடியில் நின்று இதை வாசிப்பேன். நடுவில் குரல் அடைத்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்வேன். ஆனால் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் உட்காருவேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
பேச்சியம்மா