மாருதியில் முதலாளி இடம்

ஐப்பசி. வெள்ளி. தூறல்.

புது மாருதி வந்துவிட்டது. ராஜபாளையம் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். போர்டுகளை எல்லாம் வாசித்துக்கொண்டே. மில் மாலை வகுப்பில் இந்த வருடம்தான் படித்த எழுத்து. ஜவுளிக்கடை. பல் ஆஸ்பத்திரி. ‘இங்கு வண்டி நிறுத்தாதே.’ இத்தனை வருடம் அங்கேதான் நிறுத்தியிருக்கிறேன். ஒரே சிரிப்பு.

இம்பாலா: எட்டு சிலிண்டர். முக்கு திரும்புமுன்பே மில் கேட்டைத் திறப்பார்கள், சத்தம் அப்படி. பெட்ரோல் குடம் குடமாக.

மாருதி: சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று பானட்டில் கை வைத்துப் பார்த்தேன். சங்கில் பால் குடிக்கிற பிள்ளை மாதிரி பெட்ரோல்.

அடிக்கடி இடது கதவைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறேன். ஸ்டியரிங்கைக் காணோம். இம்பாலா வெளிநாட்டு வண்டி, ஸ்டியரிங் இடப்பக்கம். வலப்பக்கம் முதலாளி இடம். மாசியில் காலமானார். மாருதியில் அவர் இடத்தில் நான். முதுகு சாய மாட்டேன் என்கிறது.

சனி. வெயில்.

ஷெட்டில் இம்பாலாவைத் துடைத்தேன். வலது சீட் இன்னும் அமுங்கியே இருக்கிறது. மூக்குப்பொடி வாசனை. “வண்டி ரெடி முதலாளி” என்று சொல்லிவிட்டேன். 

ஞாயிறு.

சின்ன முதலாளி பின் சீட்டில். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் முன்னால் பஞ்சு லாரி. முந்தவில்லை.

இம்பாலாவில் இடப்பக்கம் இருந்தால் முன்னால் போகிற வண்டி மறைக்கும், எதிரே வருவது தெரியாது. முதலாளிதான் பார்த்து “பொறுலே” என்பார். பொறவு “போலே” என்பார். அவர் சொல்லாமல் மாட்டுவண்டியைக்கூட முந்தியதில்லை. இப்போது எனக்கே எல்லாம் தெரிகிறது. கால் மிதிக்கவில்லை.

“ரோடு காலியாத்தான கெடக்கு. யாரு சொல்லணும்னு இருக்கிய, சுடலை அண்ணே?”

லாரி பின்னாலேயே ஓட்டினேன்.

“நாளைக்கு அம்மாவ ஆண்டாள் கோவிலுக்குக் கூட்டிட்டுப் போங்க. இப்பிடியே ஊந்துனா வேற டிரைவர்தான் பாக்கணும்.”

வண்டி ஓட்டுவது தவிர எனக்கு வேறு என்ன தெரியும்?

திங்கள். மேகம்.

பின் கதவைத் திறந்தேன். அம்மா ஏறவில்லை. முன்னால், இடப்பக்கம் உட்கார்ந்தார்கள்.

“அவிய இருந்த வரைக்கும் கார்ல அவிய பக்கத்துல நான் உக்காந்ததே இல்ல.”

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என் சீட்டைப் பார்த்து.

வன்னியம்பட்டி பக்கம் மறுபடி பஞ்சு லாரி. எதிரே ரோடு காலி. நன்றாகத் தெரிகிறது. கால் மரக்கட்டை. பின்னால் பஸ் ஹாரன்.

“போலே.”

அம்மாதான். குரல் கட்டையாக இருந்தது. என்னை ஒரு நாளும் அப்படி அழைத்ததில்லை. அந்தப் பக்கம் இருந்து பார்த்தால் லாரியின் முதுகைத் தவிர எதுவும் தெரியாது. எனக்குத் தெரியாதா?

மிதித்தேன்.