நாற்பத்தொன்பது கிராம்

9 ஜூன், திங்கள்

புது மவுஸ் வந்துவிட்டது. வயர் இல்லாதது, கேம் விளையாடுபவர்களுக்கானது. எடை போட்டேன்: நாற்பத்தொன்பது கிராம். ஒரு கோழிமுட்டைகூட இதைவிடக் கனம். பிறையில் இருக்கும் தொழிற்சாலையில் எட்டு வருடமாக இதுதான் என் வேலை. கிளிக், சறுக்கு, வேகம், பேட்டரி எல்லாவற்றையும் சோதித்து, கடைக்குப் போகலாமா கூடாதா என்று அறிக்கை எழுதுவது. இதற்கு ஐந்து வாரம் கொடுத்திருக்கிறார்கள்.

எடையைப் பார்த்தவுடன் என் மனைவி ராகினிதான் நினைவுக்கு வந்தாள். வீட்டிலிருந்தே கட்டடங்களுக்கு பிளான் வரைகிறவள். ஜனவரியிலிருந்து வலது கை சொன்னபடி கேட்பதில்லை. போன மாதம்தான் டாக்டர் சொன்னார்: தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய். மருந்து வேகத்தைக் கொஞ்சம் குறைக்குமாம். அவ்வளவுதான். அவளுக்கு முப்பத்தாறு வயது.

ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமா என்று எங்கள் லேப் தலைவர் ஹைதர் அண்ணனிடம் கேட்டேன்.

"எடுத்துட்டுப் போ தம்பி. வீட்டுல ஒரு ஆள் நாள் முழுக்க யூஸ் பண்ணா நமக்கும் நல்லதுதான்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

10 ஜூன்

ராகினி கையை வைத்தாள். கொஞ்ச நேரம் அசைக்காமலே இருந்தாள். "கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு, ஸ்ரீ."

மூன்று மணி நேரம் வரைந்தாள். பழைய மவுஸில் ஒரு மணி நேரம் தாண்டியதில்லை. சாயங்காலம் ஜெலுத்தோங் மார்க்கெட் பக்கம் போய் அவளுக்குப் பிடித்த சார் கொய்தியாவ் நூடுல்ஸ் பொட்டலம் வாங்கி வந்தேன். ஏதோ பரிசு கிடைத்தவன் மாதிரி.

16 ஜூன்

லேபில் கிளிக்குக்கு முழு மதிப்பெண். விரல் பட்டாலே போதும், அழுத்தவே வேண்டாம். ராகினி சொல்வது வேறு: "விரல் சும்மா நடுங்கினாலும் கிளிக் ஆகுது. நான் கேக்காமலே சுவர் போடுது." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இன்று உள்ளே இருக்கும் சுவிட்சைக் கழற்றி, கொஞ்சம் கடினமானதாக ஒன்றை வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தேன். பரவாயில்லை என்றாள்.

24 ஜூன்

கடினமான சுவிட்சை இப்போது அழுத்த முடியவில்லை. பழையதையே மாட்டினேன். எட்டு நாள்தான்.

1 ஜூலை

சாப்பிடும்போது கரண்டி விழுந்தது. இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

5 ஜூலை

மூன்று நாளைக்கு முன் அம்புக்குறியின் வேகத்தைக் கூட்டி வைத்தேன். கையை ஒரு விரற்கடை நகர்த்தினால் திரை முழுக்கப் போய்விடும். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். இன்று மத்தியானம் அவளுடைய ஆபீசிலிருந்து காமினி அழைத்தார். அவளுக்கு மேலதிகாரி, தங்கமான மனுஷி. பட்டர்வொர்த்தில் கட்டும் வீட்டு பிளானில் குளியலறைக் கதவு திறந்தால் குழாயில் இடிக்கிறதாம். "பரவாயில்ல லா, நாங்க திருத்திக்கிறோம்" என்றாராம்.

பதினான்கு வருடத்தில் ராகினியின் பிளானை வேறு யாரும் திருத்தியதில்லை.

11 ஜூலை

இன்னொரு சாம்பிள் கிடைத்தது. முப்பத்தாறு கிராம், எடை குறைய மேல் ஓடு முழுக்க ஓட்டை. ஃபெரியில் வரும்போதே எப்படிக் கொடுப்பது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். பையிலிருந்து எடுத்து வைத்தேன். அவள் தொடவில்லை.

"இது எத்தனை கிராம்?"

"முப்பத்தாறு."

"அடுத்து இருபதா? அப்புறம் பத்தா? கனம் மவுஸ்ல இல்ல ஸ்ரீ. உங்களுக்கே தெரியும்."

நான் சென்சாரைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டே போனேன்.

"நீங்க டெஸ்ட் பண்றது மவுஸ இல்ல, என்னத்தான். புதுசா ஒண்ணு கொண்டு வர்றப்பல்லாம் நான் ஃபெயிலாயிட்டே இருக்கேன். போதும்."

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

எனக்கு வேற என்ன தெரியும்? டாக்டரா நான்? அவ கை போய்க்கிட்டே இருக்கு, நான் சும்மா பாத்துக்கிட்டு நிக்கணுமா? — நிக்கத்தான் வேணுமோ என்னவோ.

12 ஜூலை

என் சோதனை நோட்டைப் புரட்டினேன். லேப் பழக்கம், நாள் தவறாமல் எழுதியிருக்கிறேன். தொடர்ந்து வரைந்த நேரம்: மூன்று மணி. இரண்டு மணி பத்து நிமிடம். ஒன்று இருபத்தைந்து. நாற்பது நிமிடம். நேற்று பதினைந்து.

பேட்டரி குறைவதை எழுதுவது போலவே எழுதியிருக்கிறேன். அதே கோடு போட்ட கட்டங்கள், அதே சிவப்பு மை. அவள் இதைப் பார்த்திருப்பாளா? மேசை மேலேயேதான் கிடந்தது.

பார்த்திருப்பாள்.

14 ஜூலை

அறிக்கை கொடுத்துவிட்டேன். எடை நன்று. கிளிக் நன்று. பேட்டரி தொண்ணூறு மணி நேரம். விற்பனைக்குப் போகலாம்.

ஹைதர் அண்ணன் படித்துவிட்டு, "வீட்டுல யூஸ் பண்ணாங்களே, அந்த ரிசல்ட் எங்க?" என்றார். அப்போதுதான் சொன்னேன், எல்லாவற்றையும். அவர் எழுந்து போய் லேப் கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "ஷிப்ட் மாத்தணுமா, சொல்லு. நான் பாத்துக்கிறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து ராகினியிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி லா" என்றாள். அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, மூடி என்னிடமே கொடுத்தாள்.

23 ஆகஸ்ட், சனி

பட்டர்வொர்த் வீட்டு பிளானை முடிக்காமல் விடமாட்டேன் என்றாள். காமினியும் காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அவள் சொல்லச் சொல்ல நான் மவுஸைப் பிடித்தேன்.

"வலது பக்கம். இன்னும். இன்னும் கொஞ்சம். நிறுத்துங்க. ஐயோ, அது ஜன்னல், அத ஏன் அழிச்சீங்க?"

"கை பட்டுடுச்சு."

"எட்டு வருஷமா மவுஸ் டெஸ்ட் பண்றாராம்."

எத்தனை நாளைக்குப் பிறகு இப்படிச் சிரிக்கிறாள். ஒரு சமையலறைக்கு முழு நாள் ஆனது. இப்போது பேச்சும் குழறுகிறது; குழறும்போது நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி சொன்னாள். புரியாத மாதிரி நான் ஒரு தடவையும் முகம் காட்டவில்லை என்று நினைக்கிறேன்.

31 ஆகஸ்ட்

பிளானை அனுப்பியாயிற்று. ஓரத்தில் அவள் பெயரை நான் அடித்தேன்.

18 செப்டம்பர், வியாழன்

லீவு போட்டேன். வேலை செய்ய இயலாதவர்களுக்கான உதவிக்கு விண்ணப்பிக்க இருவரும் போனோம். சக்கர நாற்காலியில் வெளியே போவது இதுதான் முதல் தடவை. லிப்டில் கீழ்வீட்டு லைலா அக்கா அவள் சால்வையைச் சரிசெய்துவிட்டார்.

கவுண்டரில் இருந்த பெண் மலாயில் கேட்டாள், என்ன வேலை செய்தீர்கள் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் ராகினியே பதில் சொன்னாள். பிளான் வரைகிறவள் என்று. வார்த்தை வெளியே வர நேரமானது. அந்தப் பெண் பொறுமையாகக் காத்திருந்து எழுதிக்கொண்டாள்.

கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நகர்த்தி வைத்தாள். நான் ராகினியின் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, தாளில் அழுத்தினேன். அவள் தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து வெந்நீரும் சோப்பும் வைத்துக் கழுவினேன். நகக்கண்ணில் கொஞ்சம் நீலம் போகவில்லை. "விடுங்க" என்றாள். கையைத் துடைத்து மடியில் வைத்தேன். பிறகு கஞ்சி ஆற்றி, ஊட்டினேன்.